வெளியேற முடியாதவர்களின் அனுபவம்

'அனுபவம்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தமிழ்ச் சிறுபத்திரிகைகள் முப்பது வருஷத்துக்கு மேலாகச் சண்டை போட்டிருக்கின்றன. தலித் வாழ்வை யார் எழுதுவது, பெண் உடலை யார் சொல்வது, அனுபவித்தவர்தான் எழுத வேண்டுமென்றால் படைப்புக் கற்பனைக்கு என்ன வேலை என்று எத்தனையோ பக்கங்கள். இந்தச் சண்டை எதுவும் காதில் விழாமல் இதே சொல் வேறொரு வாசல் வழியாக வணிக மேலாண்மைக்குள்ளும் உளவியலுக்குள்ளும் போய், ஒரு பெரிய ஆய்வுத் தொழிலையே உண்டாக்கி வைத்திருக்கிறது. அங்கே அதற்குப் பெயர் 'பயனர் அனுபவம்'. ஒரு பொருளையோ சேவையையோ பயன்படுத்தும்போதும், பயன்படுத்தப்போகிறோம் என்று எதிர்பார்க்கும்போதும் ஒருவரிடம் உண்டாகிற உணர்தல்களும் எதிர்வினைகளும் என்பது சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 2010இல் 9241-210 எண்ணுள்ள தரவிதியில் கொடுத்த வரையறையின் சாரம். அனுபவத்துக்கே தரவிதி போட்டுவிட்டார்கள். சிரிப்பதற்கு முன் அதைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த ஆய்வுகள் பெருகிப் பெருகி, இப்போது ஆய்வுகளைப் பற்றிய ஆய்வுகள் வருகின்றன. செய்முறை எளிது. ஸ்கோபஸ் அல்லது வெப் ஆஃப் சயன்ஸ் என்ற தரவுத்தளத்தில் 'பயனர் அனுபவம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் ஆயிரக்கணக்கில் கட்டுரைகளின் விவரம் வரும். வணிகம், உளவியல் என்று துறைகளைப் பிரித்து வடிகட்டி, மிச்சத்தை விஓஎஸ்வியூவர் என்ற இலவச மென்பொருளில் கொட்ட வேண்டும். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் வான் எக், வால்ட்மன் என்ற இருவர் உருவாக்கியது அது. அதை அறிமுகப்படுத்திய அவர்களுடைய கட்டுரை 2010இல் வந்தது. கொட்டியதும் திரையில் பச்சை, சிவப்பு, நீலமாக வட்டங்கள் பூக்கும். அடிக்கடி வரும் சொல்லுக்குப் பெரிய வட்டம்; சேர்ந்து வரும் சொற்களுக்கிடையே கோடு. ஆசிரியர்களை வைத்தும் இப்படிச் செய்யலாம். யாரும் யாரும் சேர்த்து மேற்கோள் காட்டப்படுகிறார்களோ அவர்கள் அருகருகே வந்து உட்காருவார்கள். பாக்க நல்லாத்தான் இருக்கும். 2021இல் நவீன் தோந்து முதலானோர் 'ஜர்னல் ஆஃப் பிசினஸ் ரிசர்ச்' இதழில் இதற்கு ஒரு வழிகாட்டிக் கட்டுரை எழுதிய பிறகு எங்கு பார்த்தாலும் வரைபடந்தான். களத்துக்குப் போக வேண்டாம், யாரிடமும் கேள்வி கேட்க வேண்டாம், வெயில் இல்லை. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி ஆசிரியர்களின் கட்டுரைகளுக்கு மதிப்பெண் போடத் தொடங்கிய நாட்டில் இந்த வகை செழிப்பதில் ஆச்சரியமில்லை.

வரைபடத்தில் பயனர் எங்கே என்று கேட்டால், நூல்களின் வரைபடத்தில் ஆட்களைத் தேடுவது நியாயமா என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வரைபடங்கள் சும்மா மாட்டிவைக்கிற படங்களல்ல. ஒவ்வொன்றின் முடிவிலும் 'ஆய்வு இடைவெளிகள்' என்று ஒரு பகுதி வரும். அடுத்த முனைவர் பட்டம், அடுத்த நிதி, அடுத்த சிறப்பிதழ் எல்லாம் அதைக் கை காட்டித்தான் கிளம்புகின்றன. எனவே வரைபடம் எதை வெற்றிடம் என்று காட்டுகிறது என்பது முக்கியம். இரண்டு வட்டங்களுக்கு நடுவில் கோடு இல்லையென்றால் அது இடைவெளி. ஆங்கிலத்தில் எழுதப்படாதது, பட்டியலில் உள்ள இதழில் வராதது இடைவெளியாகக்கூடத் தெரியாது. அது படத்துக்கு வெளியே. ஒன்றை வெற்றிடம் என்று சொல்வதற்கே அதைச் சுற்றி நாலு வட்டம் வேண்டியிருக்கிறது.

இப்படி நூல்களை எண்ணும் கலையின் தொடக்கத்தில் ஒரு தமிழர் நிற்கிறார் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931இல் வந்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பது. இரண்டாவதும் நான்காவதும் நேரடியாக வாசகரைப் பற்றியவை: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், வாசகரின் நேரத்தைக் காப்பாற்று. 1948இல் இங்கிலாந்தில் லெமிங்டன் ஸ்பாவில் நடந்த கூட்டத்தில் 'லைப்ரமெட்ரி' என்ற துறை வேண்டும் என்று அவர் பேசினார். நூலகப் பணியைப் புள்ளியியலால் அளந்து செம்மைப்படுத்துவதே அதன் நோக்கம். 1960களில் யூஜீன் கார்ஃபீல்டின் அறிவியல் மேற்கோள் அட்டவணை வந்தது. 1969இல் ஆலன் பிரிச்சர்ட் இதற்கு 'பிப்ளியோமெட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார். 1973இல் ஹென்றி ஸ்மால் இணைமேற்கோள் முறையைக் கொடுத்தார். இதில் நடந்த திருப்பத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. ரங்கநாதனிடம் நூலைப் பயன்படுத்துகிறவர் மையம். பின்னால் வந்தவர்களிடம் எழுதுகிறவர் மையம். எழுதுகிறவரை எத்தனை எழுதுகிறவர்கள் குறிப்பிட்டார்கள் என்பதே அளவு. பயனரைப் பற்றிய ஆய்வின் வரைபடம் பயனரைக் கைவிட்ட ஒரு முறையால் வரையப்படுகிறது.

வரைபடத்துக்குள் கொஞ்சம் நடந்து பார்க்கலாம். வணிகப் பக்கத்தின் மூதாதைகளில் ஒருவர் ஃப்ரெட் டேவிஸ். 1989இல் அவர் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி இரண்டு கேள்விகளில் நிற்கிறது: இது எனக்குப் பயன்படும் என்று நினைக்கிறேனா, இது எளிதாக இருக்கும் என்று நினைக்கிறேனா. அந்த அளவுகோல் சோதிக்கப்பட்டது யாரிடம்? டொரண்டோவில் ஐபிஎம் கனடா ஊழியர்களிடமும் பாஸ்டனில் மாலை வகுப்புக்கு வந்த எம்பிஏ மாணவர்களிடமும். பிறகு அது உலகம் முழுக்க, இந்திய விவசாயிகள் வரைக்கும், வினாத்தாளாகப் போய்ச் சேர்ந்தது. 1998இல் பைன், கில்மோர் இருவரும் 'ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ'வில் 'அனுபவப் பொருளாதாரம்' என்றார்கள்: பொருள் விற்றாயிற்று, சேவை விற்றாயிற்று, இனி அனுபவத்தை விற்க வேண்டும்.

உளவியல் பக்கம் கதை இன்னும் சுவாரசியமானது. சிக்சென்ட்மிஹாயி 1975இல் மலையேறுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள், நடனமாடுபவர்கள், அறுவை மருத்துவர்கள் என்று பலரை ஆராய்ந்து எழுதினார். செய்வதில் ஆழ்ந்து நேரம் போவதே தெரியாமல், எந்த வெளிப் பலனும் கருதாமல், செயலுக்காகவே செயல் என்று இருக்கிற அந்த நிலைக்கு 'ஃப்ளோ' என்று பெயர் கொடுத்தார். பலன் கருதாமை என்பதுதான் அதன் உயிர். சரியாக 21 வருஷம் கழித்து 1996இல் ஹாஃப்மன், நோவாக் இருவரும் 'ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்'கில் அதைக் கணினி வலைக்குக் கொண்டுவந்தார்கள். ஆழ்ந்துபோன நுகர்வோர் அதிக நேரம் தங்குவார், திரும்பவும் வருவார் என்பது அதன் பிறகான வணிக ஆய்வின் பாடம். பலன் கருதாத அனுபவம் இன்னொருவருடைய பலனாகிவிட்டது. இணைமேற்கோள் வரைபடத்தில் இந்த இரண்டும் ஒரு கோட்டால் இணைக்கப்பட்டு அருகருகே நிற்கக்கூடியவை. அந்தக் கோடு தொடர்ச்சி என்று காட்டும். பறிப்பு என்று காட்டாது. மேற்கோள் காட்டுவது வணக்கமா வழிப்பறியா என்பது எண்ணிக்கைக்குப் பிடிபடாத விஷயம்.

மார்க் ஹாசன்சால் போன்றவர்கள் இந்தக் குறுக்கத்தை எதிர்த்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2006இல் அவரும் டிராக்டின்ஸ்கியும் எழுதிய கட்டுரை, பயன்பாடு என்பது வேலை முடிவது மட்டுமல்ல, உணர்வு, அழகு, சூழல், கணம் எல்லாம் சேர்ந்தது என்று வாதிட்டது. நல்ல கட்டுரை. ஆனால் அந்த அழகையும் உணர்வையும் ஏழு புள்ளி அளவுகோலில் போட்டு நிரப்பிய கட்டுரைகள்தாம் பிறகு குவிந்தன.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் பேசப்படாத ஒரு அனுமானம் கிடக்கிறது: பயனர் என்பவர் விட்டுவிட்டுப் போகக் கூடியவர். இந்தச் செயலி பிடிக்கவில்லையென்றால் அடுத்த செயலி. அவர் போய்விடுவார் என்ற பயந்தான் அவருடைய அனுபவத்தை முக்கியமாக்குகிறது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய புத்தகத்தில், நிறுவனம் சீரழியும்போது மனிதருக்கு இரண்டு வழி என்றார்: வெளியேறுவது, குரல் எழுப்புவது. பயனர் அனுபவ ஆய்வு பெரும்பாலும் முதல் வழி திறந்திருக்கிறவர்களைப் பற்றியது. குரல் என்பது அங்கே ஐந்து நட்சத்திரமாகச் சுருங்கிவிட்டது. வெங்கடேஷும் டேவிஸும் 2000இல் மாதிரியைத் திருத்தியபோது 'தன்விருப்பம்' என்று ஒரு மாறியைச் சேர்த்தார்கள் என்பது உண்மை. கட்டாயம் என்பதும் அட்டவணையில் ஒரு கட்டம் ஆயிற்று.

கோபால் குருவும் சுந்தர் சருக்கையும் 2012இல் வெளியிட்ட 'தி கிராக்ட் மிரர்' நூலின் விவாதம் இந்த இடத்தில் உதவுகிறது. வாழ்ந்து பெற்ற அனுபவம் என்பது அனுபவிக்கும் சுதந்திரம் பற்றியதல்ல, அந்த அனுபவத்திலிருந்து விலகும் சுதந்திரம் இல்லாமை பற்றியது என்பது அங்கு வருகிற முக்கியமான கருத்து. சேரியில் ஒரு மாதம் தங்கி ஆய்வு செய்பவருக்கும் சேரியில் பிறந்தவருக்கும் உள்ள வேறுபாடு பார்த்த காட்சிகளில் இல்லை. ஒருவர் எப்போது வேண்டுமானாலும் பஸ் ஏறிவிடலாம் என்பதில் இருக்கிறது. இதற்கு முன் 2002இல் கோபால் குரு எழுதிய கட்டுரை, இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு செய்பவர்களும் தரவு கொடுப்பவர்களும் சாதிபோல் அடுக்கப்பட்டிருப்பதைச் சொல்லிப் பலரைக் கோபப்படுத்தியது. இந்த விவாதத்தைப் பயனர் அனுபவத்துக்குள் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி.

கொண்டுபோவதற்கு அமெரிக்கா போக வேண்டாம். மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீஸில் கொட்டை உடைக்கிற பெண்களின் விரலைப் பார்த்தால் போதும். முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலை அரித்துவிடும். சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டாலும் வருஷக்கணக்கில் வேலை செய்த விரலில் ரேகை தேய்ந்துபோகும். 2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் விரல்ரேகைச் சரிபார்ப்பு வந்தது. விரலை வைக்க வேண்டும். எடுக்காவிட்டால் துடைத்து வைக்க வேண்டும். பெருவிரல் இல்லாவிட்டால் ஆள்காட்டி விரல். ரேகை விழாவிட்டாலும் வேறு முறையில் பொருள் கொடுக்கலாம் என்று விதி இருக்கத்தான் செய்தது. பிறகு கருவிழிப் பதிவும் வந்தது. ஆனாலும் வரிசையில் நிற்கிறவருக்குப் பின்னால் இருபது பேர் நிற்க, மெஷின் அவரை அவரில்லை என்று சொல்லுகிற அந்த நிமிஷம் இருக்கிறதே, அது பயனர் அனுபவம் இல்லையா? அவர் வேறு கடைக்குப் போவாரா? "இது பயன்படும் என்று நினைக்கிறீர்களா, ஒன்று முதல் ஏழு வரை சொல்லுங்கள்" என்று அவரிடம் கேட்டால், "அரி தாறியா இல்லியா, அதச் சொல்லு மக்களே" என்றுதான் பதில் வரும்.

கடற்கரைக்குப் போவோம். நாஞ்சில்நாடு என்றதும் வயலும் வாழையும் குளமும்தான் நம் எழுத்தில் எழும்பி வரும். பழைய கணக்கில் அது தோவாளையும் அகஸ்தீஸ்வரமும். விளவங்கோட்டுக் கடற்கரை அந்தப் பெயருக்குள் அடங்கியதே இல்லை. வரைபடத்தில் விடுபடுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் நம்முடைய சொந்த வரைபடத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது.

மீனவரும் தொழில்நுட்பமும் என்றால் ஆய்வுலகில் உடனே நினைவுக்கு வருவது ராபர்ட் ஜென்சன் 2007இல் 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை. வடகேரளத்தில் 15 கரைகளில் செல்பேசி வருவதற்கு முன்னும் பின்னும் மத்தி விலையைத் தொடர்ந்து குறித்தார். செல்பேசி வந்ததும் கரைக்குக் கரை விலை வேறுபாடு குறைந்தது, வீணாகும் மீன் இல்லாமல் போயிற்று, மீனவர் லாபம் 8 சதவிகிதம் கூடியது, நுகர்வோர் விலை 4 சதவிகிதம் குறைந்தது. சந்தையின் மகிமைக்குச் சாட்சியாக இது உலகம் சுற்றியது. டி. டி. ஸ்ரீகுமார் 2011இல், மீனவர்கள் செல்பேசியை விலை கேட்க மட்டுமல்ல, ஒருவருக்கொருவர் துணையிருக்கவும் கூட்டாக வேலை செய்யவும் பயன்படுத்துகிறார்கள் என்று வேறொரு சித்திரம் கொடுத்தார். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. முன்பணம் வாங்கிய வள்ளக்காரனுக்கு அடுத்த கரையில் என்ன விலை என்று தெரிந்து என்ன ஆகப் போகிறது? கடன் கொடுத்தவன்தான் ஏலம் போடுவான். தென்திருவிதாங்கூர்க் கரையில் மீனவர் சங்கங்கள் உருவானபோது நடந்த போராட்டம் முதல் விற்பனை யார் கையில் என்பதைப் பற்றியது. தகவல் இருக்கிறதா என்பது அதற்குப் பிந்தின கேள்வி.

முட்டத்தின் கதை இந்த ஆய்வு வரைபடங்களுக்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. கட்டுமரத்துக்கான மரம் கிடைப்பது குறைந்து விலை ஏறியதும் மாற்றுப் படகு தேவைப்பட்டது. கோட்டாறு சமூக சேவை சங்கத்தின் படகுத் தளத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே, இங்கிலாந்தின் இடைநிலைத் தொழில்நுட்பக் குழுவின் உதவியோடு ஒட்டுப்பலகை வள்ளங்களைக் கட்டிப் பார்த்தார். கட்டுமரம் கவிழ்ந்தாலும் மூழ்காது. ஏறின தண்ணி இடுக்கு வழியே இறங்கிவிடும். அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். துறைமுகம் இல்லாத மணலில் ஆள் பிடித்து ஏற்ற வேண்டும். இதையெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லச் சொல்ல வடிவம் மாறியது. 1985இல் நாகர்கோவிலிலிருந்து ஜில்லே இந்த அவஸ்தைகளைப் புத்தகமாகப் போட்டார். ஷூமாக்கரின் 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' தலைப்பைத் திருப்பி 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்' என்று பெயர். சின்னது அழகானதுதான், ஆனால் அது கஷ்டம் என்று ஒப்புக்கொள்ளும் தலைப்பு. 'பயனர் அனுபவ வடிவமைப்பாளர்' என்ற வகையில் ஒரு பதவிப் பெயரோடு டான் நார்மன் ஆப்பிளில் சேர்ந்தது 1993இல். அதற்கு முன்பே முட்டத்தில் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. இதைச் சொல்வது 'எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது' என்ற பழைய பல்லவியைப் பாடுவதற்காக அல்ல. முட்டத்தில் பயன்படுத்துகிறவரின் எதிர்வினை தரவாக மட்டும் நிற்கவில்லை. அடுத்த படகின் பக்கவாட்டு உயரமாக மாறியது. இந்த வேறுபாட்டைத்தான் சொல்கிறேன்.

2017 நவம்பர் 29 காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30ஆம் தேதி முற்பகலுக்குள் குமரிக் கடலில் ஒக்கி புயலாகிவிட்டது. நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள எட்டு ஊர்களிலிருந்து தங்கலுக்குப் போனவர்கள் அதற்கு எத்தனையோ நாள் முன்பே ஆழ்கடலில் இருந்தார்கள். செல்பேசிக் கோபுரம் கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் எட்டாது. கேரளம், தமிழ்நாடு இரண்டிலுமாக நூற்றுக்கணக்கானோர் இறந்தோ காணாமலோ போனார்கள். 2019 அக்டோபரில் ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து 'ஜெமினி' என்ற கருவியைக் கொண்டுவந்தன. செயற்கைக்கோள் வழியே வரும் எச்சரிக்கையை வாங்கிப் படகிலுள்ளவரின் செல்பேசிக்குக் கொடுக்கும். நல்ல கருவி; ஆனால் ஒருவழிக் கருவி. கரை சொல்லும், கடல் கேட்கும். நடுக்கடலில் இஞ்சின் நின்று கிடக்கிறவன் அதில் ஒரு சொல் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஆகஸ்டில்தான் இருவழித் தகவலுக்கான டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் தொடங்கியது. அது பேச உதவும். படகு எங்கே நிற்கிறது என்பதை அரசாங்கத்துக்கும் சொல்லும். எது முதல் நோக்கம் என்று கரையில் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மீனவரின் அனுபவ அறிவைப் புனிதமாக்கி வைக்கிற ஒரு போக்கு நம்மிடம் இருக்கிறது. கரையிலுள்ள மலையையும் கோபுரத்தையும் ஒன்றுக்கு நேர் ஒன்றாக வைத்துக் கடலடிப் பார் இருக்கும் இடத்தைப் பிடிக்கிற கணிச்சம் ஓர் அற்புதமான வரைபடம்; தாளில்லாதது, பயன்படுத்துகிறவரே வரைவது. ஆனால் ஜிபிஎஸ் வந்ததும் அதைக் கையில் எடுத்தவர்கள் முதலில் அவர்களேதான். ஒரு ராத்திரிக்குள் புயலாகிற காற்றை வெறும் கண்ணால் கண்டுபிடிக்கத் தவறினார்கள் என்று அவர்களைக் குறை சொல்வதும், கண்டுபிடித்திருப்பார்கள் என்று கொண்டாடுவதும் ஒரே மாதிரி வன்முறை. அவர்கள் கேட்டது நல்ல கருவி, நேரத்துக்குச் செய்தி, தேடி வர ஒரு கப்பல்.

எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரம் கரையில் 'ரேடியோ மன்சூன்' என்ற முயற்சி, சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் பங்கேற்போடு, ஒலிபெருக்கியிலும் தொலைபேசியிலும் வானிலை முன்னறிவிப்பைக் கரைமொழியில் சொல்லிப் பார்த்தது. கடற்காற்றின் வேகத்தை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொன்னால் போதுமா, எந்தச் சொல்லில் சொன்னால் வள்ளம் இறக்காமல் இருப்பார்கள் என்பதெல்லாம் அதில் வரும் கேள்விகள். உளவியல்காரர்களுக்கும் வணிகத்துறைக்காரர்களுக்கும் இதைவிட நல்ல ஆய்வுப்பொருள் கிடைக்காது. ஆனால் இது 'வானிலை', 'மீன்வளம்', 'பேரிடர்' என்று வேறு வேறு துறைச்சொற்களில் பதிவாகும். 'பயனர் அனுபவம்' என்று தட்டினால் வராது. தேடுகிற சொல்லே வேலியாகிவிடுகிறது.

நமக்கு இதில் வேலை இருக்கிறது. குமரி மாவட்டத்தில் எத்தனை வணிக மேலாண்மைக் கல்லூரிகள், பொறியியல் கல்லூரிகள்! வருஷாவருஷம் மாணவர்கள் இணைய வணிகச் செயலிகளின் பயனர் திருப்தி பற்றி ஒரே வினாத்தாளை நிரப்பி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் வீட்டில் யாராவது அண்டி ஆபீஸுக்கோ கடலுக்கோ ரப்பர் வெட்டுக்கோ போகிறவர்கள்தான். ஒக்கிக்குப் பிறகு ஊர்ஊராகப் போய் எழுதப்பட்ட உண்மையறியும் அறிக்கைகள், பங்குக் கோவில்களில் காணாமல்போனவர்களுக்காகத் தயாரித்த பட்டியல்கள், ரேஷன் கடையில் ரேகை விழாத விண்ணப்பங்கள் இவற்றை ஒரு வகுப்பு எடுத்துப் படித்தால் என்ன? டிரான்ஸ்பாண்டர் பெட்டியில் எழுத்து எந்த மொழியில் வருகிறது, ஈரக் கையால் அழுத்த முடிகிறதா, ராத்திரியில் தெரிகிறதா, கரையிலிருந்து பதில் எத்தனை நேரத்தில் வருகிறது என்று சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் போய்க் கேட்கலாம். கேட்டதை முதலில் அவர்களுக்கே படித்துக்காட்டி, தப்பென்று சொன்ன இடத்தைத் திருத்திவிட்டு, அதற்குப் பிறகு எந்த இதழுக்கு அனுப்புவது என்று யோசிக்கலாம்.